ஆறாவது கம்பி

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே தொடங்கினாலும் மூட்டு வலியில் போய்த்தான் நிற்கிறது. இன்றைக்கு ஒரு நாள் மூட்டை விட்டுவிடுங்கள். நான் ஒரு பெட்டியைப் பற்றிச் சொல்லப் போகிறேன். உள்ளங்கை அகலம், வட்ட வடிவம், பழுப்பு நிறம், கெட்டியான பிளாஸ்டிக். வீட்டுக்குள் ஓடும் மின்சாரக் கம்பிகளை ஒன்றோடொன்று இணைத்து மூடி வைக்கிற ஜங்ஷன் பாக்ஸ். உங்கள் பழைய வீட்டுச் சுவரிலும் ஒன்று இருந்திருக்கும். நீங்கள் அண்ணாந்து பார்த்திருக்க மாட்டீர்கள். நான் ஐம்பது வருஷத்துக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்க்கும்போதெல்லாம் குற்றவாளிபோல் தலையைக் குனிந்துகொள்வேன். போன மாதம்தான் அது நின்றது. நின்றதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. லிட்டில் இந்தியா என்று இன்றைக்கு எம்ஆர்டி ரயில் நிலையத்தில் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். நமக்கு அது தேக்காதானே. சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஒரு கடைவீட்டின் மாடி அறையில் நாங்கள் குடியிருந்தோம். கீழே அஞ்சடியில், அதாவது கடைகளுக்கு முன்னால் போகிற மூடிய நடைபாதையில், அப்பாவின் மாலைக் கடை. கடை என்றால் ஒரு மேசை, இரண்டு முக்காலி, ஓர் அலுமினிய வாளி, சுவர். சுவர்தான் முக்கியம். மாலைகள் எல்லாம் அதில்தான் தொங்கும்.

அம்மா பூ கட்டுவார். கட்டுவார் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். இடது கை விரல்களில் நாரைச் சுற்றிப் பிடித்து, வலது கையால் பூவை வைத்து வைத்து இழுப்பார். கண் வேறெங்கோ இருக்கும், வாய் யாருடனாவது பேசிக்கொண்டிருக்கும், முழம் முழமாகப் பூ கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். பக்கத்துக் கடைக்காரர்கள் சும்மா நின்று அதை வேடிக்கை பார்ப்பார்கள். அப்பா மாலைக்கு ஜரிகை சுற்றி, அடியில் குஞ்சம் கட்டி, விலை பேசுவார். தொட்டிலில் கிடந்த தம்பியை ஆட்டுவது என் வேலை. அந்த வேலையை நான் ஒருநாளும் ஒழுங்காகச் செய்ததில்லை.

மழைக்காலம் தொடங்கியிருந்தது, தீபாவளி வந்துகொண்டிருந்தது. கடையில் அதுவரை பம்ப் அடித்து ஏற்றும் மண்ணெண்ணெய் விளக்குதான். அது உஸ் என்று இரைந்துகொண்டு ஒரு மஞ்சள் வெளிச்சம் கொடுக்கும். அதன் வாசனையும் ஈர ரோஜா வாசனையும் கலந்த ஒரு வாசனை இருந்தது. அதை இப்போது எங்கே போய்த் தேடுவது?

மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். அம்மாவின் ஒரே தம்பி. செம்பவாங் கப்பல் பட்டறையில் கப்பல்களுக்குள் கம்பி இழுத்து விளக்கு போடும் வேலை. இளைஞர், கல்யாணமாகாதவர், சட்டைப்பையில் எப்போதும் மஞ்சள் கைப்பிடி வைத்த ஒரு டெஸ்டரை, கரண்ட் பார்க்கும் திருப்புளியை, குத்தி வைத்திருப்பார். பேருந்திலிருந்து இறங்கி வருகிற தூரத்திலேயே அந்த மஞ்சள் எனக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா அவரிடம் சொன்னார். "தம்பி, கடைக்கு ஒரு டியூப் லைட் போட்டுக் குடுடா. இந்த வெளக்குல ரோஜாவும் அரளியும் ஒரே நெறமா தெரியுது."

"இருக்கிற வெளக்குக்கு என்ன வந்துச்சு?" என்றார் அப்பா.

"மச்சான், கப்பலுக்கே லைட் போடுறேன். உங்க கடைக்குப் போட மாட்டேனா?"

"கப்பல் மெதக்குது மாப்பிள்ளை. என் கடை நிக்கணும்."

இப்படித்தான் இருவரும் பேசிக்கொள்வார்கள். அதில் பாதி கேலி, பாதி நிஜம். எந்தப் பாதி எது என்று எனக்கு அப்போது தெரியாது.

அடுத்த ஞாயிறு மாமா சாமான்களோடு வந்தார். மேலே போய் மெயின் சுவிட்சை அணைத்தார். ஃபியூஸைக் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "இது என் பையில இருக்கிற வரைக்கும் கம்பியை நாக்குல கூட வைக்கலாம்" என்று எனக்குச் சொன்னார். பிறகு சுவரின் உச்சியில் அந்தப் பழுப்புப் பெட்டியை முடுக்கி வைத்தார். அதற்குள் மூன்று கேபிள்கள் வந்து சேர்ந்தன. ஒன்று மெயினிலிருந்து, ஒன்று சுவிட்சுக்கு, ஒன்று விளக்குக்கு. ஒவ்வொன்றுக்குள்ளும் சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. ஆக ஆறு கம்பிகள். முனையில் தோலை உரித்து, வெள்ளைப் பீங்கான் கட்டையின் ஓட்டைக்குள் செம்பை நுழைத்து, திருகை முடுக்கவேண்டும்.

முடுக்கியதும் மாமா ஒன்று செய்வார். கம்பியைப் பிடித்து வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுப்பார். அது வராவிட்டால் எண்ணுவார். பட்டறையில் மலாய்க்காரர்களோடு வேலை செய்து பழகியதால் எண்ணுவது மலாயில்தான்.

"சாத்து" என்றார். இழுத்தார். "துவா." இழுத்தார். "தீகா."

"எதுக்கு மாமா இழுக்குறீங்க?"

"நாம இழுத்து வரலைன்னாத்தான் அது நிக்கும் பாப்பா. பாக்க எல்லாக் கம்பியும் உள்ளே இருக்கிற மாதிரிதான் தெரியும்."

நான் நின்றது வேலையைப் பார்க்க அல்ல. மாமா எனக்கு ஐஸ் உருண்டை வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். நினைவிருக்கிறதா, மரப்பலகையில் பதித்த கத்தியில் ஐஸ்கட்டியைச் சர் சர் என்று சீவி, கைக்குள் வைத்து உருட்டி, ஒரு பக்கம் சிவப்புப் பாகும் மறுபக்கம் பச்சைப் பாகும் ஊற்றித் தருவார்களே? கொடுத்த நொடியிலிருந்து ஒழுக ஆரம்பிக்கும். முழங்கை வரை பாகு ஓடும். அதை நக்குவதற்கும் உருண்டையை உறிஞ்சுவதற்கும் ஒரு வாய்தான் இருக்கிறதே என்று தவிப்போம். அந்த வண்டிக்காரர் சந்து முனையில் நின்றுகொண்டிருந்தார். நான் ஒரு கண்ணால் அவரைக் காவல் காத்தேன்.

"அம்பாட்" என்றார் மாமா. "லீமா."

வண்டிக்காரர் சாக்கை எடுத்து ஐஸ்கட்டியின் மேல் போட்டார். போட்டால் கிளம்பப் போகிறார் என்று பொருள்.

"மாமா! ஐஸ் உருண்டைக்காரர் போறாரு! மாமா!" என்று கத்தினேன். எவ்வளவு கத்தினேன் என்றால், தொட்டிலில் தம்பி அலறி எழுந்தான்.

மாமா திரும்பிப் பார்த்தார். சிரித்தார். மூடியைப் போட்டு இரண்டு திருகையும் முடுக்கி, ஏணியிலிருந்து குதித்து, என் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார். இருவரும் ஆளுக்கொன்று சாப்பிட்டோம். நாக்கை நீட்டி யார் நாக்கு அதிகச் சிவப்பு என்று பார்த்துக்கொண்டோம்.

லீமா என்றால் ஐந்து. ஆறாவது எண்ணான அனாமை நான் கேட்கவில்லை.

அன்று மாலை விளக்கு எரிந்தது. பளிச்சென்று எரிந்தது. ரோஜா ரோஜாவாகவும் அரளி அரளியாகவும் தெரிந்தன. அம்மா கையைத் தட்டிச் சிரித்தார். அப்பாவும் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வாயில் வந்தது வேறு. விளக்குக்குப் போகும் கேபிள் பெட்டியிலிருந்து சுவரோடு கீழே இறங்கி வந்தது. "சாமிக்குப் போற மாலை தொங்குற எடத்துல பாம்பு மாதிரி இது என்ன?" என்றார். அடுத்த நாளே ஒரு பலகை வாங்கி வந்து, கேபிளை மறைத்துச் சுவரில் அடித்து, வெள்ளை பூசி, இரண்டு ஓரத்திலும் ஆணி வைத்து நீளமான இரும்புக் கம்பி ஒன்றைத் தொங்கவிட்டார். மாலைகள் அதில் ஏறின. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

தீபாவளி நெருங்கியது. ஆர்டர்கள் கூடின. மாலைகளின் கனத்தில் இரும்புக் கம்பி நடுவில் தொய்ந்தது. ஒரு மத்தியானம் பெரிய மாலை ஒன்றின் குஞ்சம் தரையைத் தொட்டுவிட்டது. தரையைத் தொட்ட மாலை சாமிக்கு ஆகாது, உங்களுக்குத் தெரியும். அப்பா அந்த மாலையை எடுத்து ஓரமாகப் போட்டார். முகம் கறுத்துவிட்டது. முக்காலியில் ஏறி, பலகையின் நட்டநடுவில் ஒரு நீண்ட ஆணியை அடித்து, தொய்ந்த கம்பியைத் தூக்கி அதன்மேல் உட்காரவைத்தார். "இப்பத் தொங்கட்டும் பாப்போம்" என்றார். நானும் பார்த்தேன், அம்மாவும் பார்த்தார், சந்தே பார்த்தது.

சாயங்காலம் மழை. அஞ்சடிக்குள் சாரல் அடித்துத் தரை முழுதும் ஈரம். பூ இருக்கும் இடத்தில் எங்கள் வீட்டில் யாரும் செருப்பு போடுவதில்லை. அம்மா வெறுங்காலோடு நின்று சுவிட்சைப் போட்டார். விளக்கு எரிந்தது. வாளியில் கையை நனைத்து மாலைகளுக்குத் தண்ணீர் தெளித்தார். ஒரு மாலையைக் கழற்ற இடது கையால் அந்த இரும்புக் கம்பியைப் பிடித்தார்.

அம்மாவின் வாயிலிருந்து வந்த சத்தத்தை நான் எழுதப் போவதில்லை. அப்பா சுவிட்சைத் தட்டினார். அம்மா வாளியோடு சேர்ந்து சாக்கடை விளிம்பில் போய் விழுந்தார். உயிர் இருந்தது. இடது மணிக்கட்டு உடைந்திருந்தது.

விளக்கைப் போட்டதும் ஷாக் அடித்தது. ஆகவே விளக்கு போட்டவன் குற்றவாளி. எல்லாருக்கும் கணக்கு அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. எனக்கும்தான். ஆனால் என் கணக்கில் மாமாவுக்கு மேலே இன்னொரு ஆள் இருந்தது. ஐஸ் உருண்டைக்காகக் கத்திய ஆள்.

மறுநாள் மாமா ஓடி வந்தார். அப்பா அவரை அஞ்சடித் தூணருகிலேயே நிறுத்திவிட்டார்.

"மச்சான், பெட்டியத் தொறந்து ஒரு தடவ பாத்துடுறேன்."

"நீ பாத்ததெல்லாம் போதும்."

"ரெண்டே நிமிஷம் மச்சான். என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியணும்."

"அவ உயிரு போயிருந்தா என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கும். கை வைக்காத. சொல்லிட்டேன்."

மாமா கையிலிருந்த டெஸ்டரை மேசைமேல் வைத்தார். எடுக்காமலே போய்விட்டார். நான் அதை எடுத்து என் பள்ளிக்கூட டப்பாவுக்குள் ஒளித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அப்பா வேறொரு வயர்மேனைக் கூட்டி வந்தார். அந்த ஆளுக்கு, லைசென்ஸ் இல்லாத ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து வேலை செய்துவிட்டுப் போனதே எரிச்சல். கீழே நின்று அண்ணாந்து ஒரு பார்வை பார்த்தார். "ஜாயின்ட் லூஸ்" என்றார். ஏணி வைக்கவில்லை. பெட்டியைத் திறக்கவில்லை. மேலே மெயினில் அந்த லைனைக் கழற்றிவிட்டு, வேறு பக்கமாகப் புது லைன் இழுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். பழைய பெட்டியும் பலகையும் அப்படியே நின்றன. ஒவ்வொரு தீபாவளிக்கும் அவற்றின் மேல் ஒரு பூச்சு வெள்ளை ஏறியது.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது மாமா பார்க்க வந்தார். நான் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தேன். அம்மா கோபமாகக் கேட்கவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

"நல்லா முடுக்கினியாடா தம்பி?"

மாமா கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பதில் வரவில்லை. அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவர் ஏன் பேசவில்லை என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். ஆறாவது கம்பியை இழுத்துப் பார்க்காமல் இறங்கிவிட்டார். நான் கத்தியதால் இறங்கினார். அதைச் சொன்னால் மாமா தப்பு செய்தது உறுதியாகிவிடும். சொல்லாவிட்டால் நான் தப்பித்துக்கொள்வேன். பத்து வயதுக்கு இது பெரிய சங்கடம். நான் தப்பித்துக்கொண்டேன்.

கட்டு அவிழ்த்த பிறகு அம்மாவின் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. நாரைப் பிடிக்க முடியவில்லை. அதன் பிறகு ஊசியில் கோர்த்தார், அவ்வளவுதான். கடைக்குப் பூ கட்ட வேறு ஆள் வைத்தோம். அம்மா ஊசியில் கோர்க்கும்போதெல்லாம் அந்த இரண்டு விரல்களும் விறைப்பாக விலகி நிற்கும், நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

மூன்று வருஷம் கழித்து நான் பெரியவளானேன். சடங்குக்கு முதல் மாலை தாய்மாமன் போடவேண்டும். மாமாவுக்குச் சொல்லி அனுப்பவில்லை. ஆனால் அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. சடங்கன்று காலை ஒரு டாக்சிக்காரர் வந்து வாழை இலையில் சுற்றிய ஒரு ரோஜா மாலையைக் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் கடையில் அவர் வாங்க முடியாதே. எதிர்ச் சந்தில் இருந்த எங்கள் போட்டிக்கடையில் வாங்கியிருந்தார்.

அப்பா கொதித்துவிட்டார். "மாலக் கட வச்சிருக்கிறவன் வீட்டுக்கு வெளிக் கட மால அனுப்புறானா? வேணும்னே அனுப்பியிருக்கான்!" பாவம் மாமா, அவர் வேறு என்ன செய்திருக்க முடியும்? அந்த மாலையை என் கழுத்தில் யாரும் போடவில்லை. மாமன் முறையில் வேறு யாரோ வந்து எங்கள் கடை மாலையைப் போட்டார்கள். ஆனால் என்னை உட்காரவைக்கும் முன் அம்மா உள்ளே வந்து, அந்த வெளிக்கடை மாலையிலிருந்து ஒரே ஒரு ரோஜாவைப் பிய்த்து என் தலையில் செருகினார்.

பிறகு காலம் போனது. கல்யாணம், கருமாதி என்று மாமா வருவார், பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார், போவார். அப்பா போனபோது வந்தார். அம்மா போனபோது வந்து பாடையைத் தூக்கினார். பெட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் கேட்ட அந்தக் கேள்வியை இரண்டாம் முறை கேட்கவே இல்லை. பட்டறையில் மாமா மின்சார வேலையை விட்டுவிட்டு ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு மாறிவிட்டார் என்று மட்டும் யாரோ சொல்லக் கேட்டேன். கேட்ட இரவு நான் தூங்கவில்லை.

இனி போன மாதத்துக்கு வருகிறேன். தொட்டிலில் அலறிய அந்தத் தம்பிதான் இப்போது கடையை நடத்துகிறான். நன்றாகவே நடத்துகிறான், ஃபோனிலேயே ஆர்டர் எடுக்கிறான். கடைவீட்டு முதலாளி கட்டடம் முழுக்கப் பழைய வயரை எடுத்துவிட்டுப் புதிது போடச் சொல்லியிருந்தார். "அக்கா, அந்தப் பழைய பெட்டியையும் எடுக்கப் போறாங்க" என்று தம்பி ஃபோனில் சும்மா சொன்னான். நான் கையில் இருந்த தோசைக் கரண்டியை வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

எலக்ட்ரீஷியன் நம் தமிழ்ப் பையன்தான். இருபத்தைந்து வயது இருக்கும், காதில் ஒரு சின்ன ஸ்பீக்கர். பலகையை நெம்பி எடுத்தான். எடுத்தவன் அப்படியே நின்றான்.

"ஆன்ட்டி, இங்க வாங்க. இந்த ஆணியைப் பாருங்க."

நட்டநடு ஆணி. பலகையைத் துளைத்து, பின்னால் இறங்கிய கேபிளுக்குள் நேராகப் போயிருந்தது. சிவப்புக் கம்பியின் செம்பு ஆணியோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"இந்தக் கேபிள் லைவ்வா இருந்தப்ப யாராச்சும் இந்த ஆணியத் தொட்டிருந்தா கதை முடிஞ்சிருக்கும் லா" என்றான்.

நான் முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். தம்பி தண்ணீர் கொண்டு வந்தான். நடந்ததை அந்தப் பையனிடம் சொன்னேன். ஷாக் அடித்ததையும், ஜாயின்ட் லூஸ் என்று ஒருவர் சொன்னதையும்.

"ஷாக் அடிச்ச அன்னைக்கு லைட் எரிஞ்சதா ஆன்ட்டி?"

"பளிச்னு எரிஞ்சது."

"மினுக்கலையே?"

"இல்ல."

"அப்புறம் எப்படி லூஸ்? லூஸ் ஜாயின்ட்னா லைட் மினுக்கும், இல்லன்னா எரியவே எரியாது. இரும்புக் கம்பிக்கு எப்படி கரண்ட் வரும்? ஆணியில இருந்துதான் வந்திருக்கு, கன்ஃபர்ம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப யாரும் இதைக் கேக்கலையா?" என்றான்.

யாரும் கேட்கவில்லை, அப்பனே. விளக்கு எங்கள் எல்லார் கண் முன்னாலும் எரிந்துகொண்டுதான் இருந்தது. அந்த ஆணியில்தான் ஐம்பது வருஷமாக எங்கள் கடையின் மிகப் பெரிய மாலைகள் தொங்கின.

அப்பாமேல் ஒரு நாள் முழுக்கக் கோபமாக இருந்தேன். பிறகு குஞ்சம் தரையைத் தொட்டபோது அவர் முகம் கறுத்தது ஞாபகம் வந்தது. சாமி மாலைக்காக அடித்த ஆணி அது. தன் ஆணிதான் அம்மாவைத் தள்ளியது என்று தெரியாமலே அவர் போய்ச் சேர்ந்தது நல்லது. அப்படித்தான் நினைக்கிறேன்.

"பெட்டியைத் தொறக்கட்டா ஆன்ட்டி?" என்று அன்றைக்கே அந்தப் பையன் கேட்டிருந்தான்.

"வேணாம்பா. அதைத் தொறக்க ஆள் இருக்கு." கேபிள்களைப் பெட்டிக்கு ஒரு சாண் தள்ளி வெட்டி, பெட்டியை அப்படியே தரச் சொன்னேன். ஆணி ஏறிய கேபிள் துண்டையும் வாங்கிக்கொண்டேன்.

மாமா இப்போது செங்காங்கில் மகள் வீட்டில் இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது. மறுநாள் மத்தியானம் போனேன். மாமா மகள் கதவைத் திறந்தாள். சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து, பையிலிருந்து முதலில் ஆணி ஏறிய துண்டை எடுத்து வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மச்சான் அடிச்ச ஆணி" என்றார் கடைசியில். "சரிதான்."

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் என் பையைப் பார்த்தார்.

"பெட்டி எங்க பாப்பா?"

அறுபத்து மூன்று வயதுப் பாப்பா பெட்டியை எடுத்து வைத்தேன். பிறகு அந்த மஞ்சள் டெஸ்டரையும் எடுத்து வைத்தேன். அதைப் பார்த்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஆணி இருக்கட்டும். உங்கம்மா என்னைக் கேட்டா. நல்லா முடுக்கினியாடான்னு. எனக்கு ஞாபகம் இல்ல பாப்பா. அஞ்சு வரைக்கும் ஞாபகம் இருக்கு. ஆறாவதை இழுத்தேனா இல்லையான்னு அன்னைக்கும் தெரியல, இன்னைக்கும் தெரியல. எத்தன தடவ மனசுக்குள்ள அந்த ஏணியில ஏறியிருக்கேன் தெரியுமா?"

"அப்பா வீட்டுல பல்பு கூட மாத்த மாட்டாரு மதினி" என்றாள் மாமா மகள் அடுப்படியிலிருந்து. "ஏன்னு சொல்லவே மாட்டாரு."

அப்போதுதான் நான் சொன்னேன். ஐம்பது வருஷத்துக்கு மேல் வாய்க்குள் இருந்தது வெளியே வந்தது. "மாமா, நான்தான் கத்தினேன். ஐஸ் உருண்டைக்காரர் போறாருன்னு. நீங்க லீமா சொல்லிட்டு இருந்தப்ப. என்னாலதான் எறங்குனீங்க."

மாமா என்னை ஏதோ புதிய ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"நீ கத்துனியா?"

"தம்பி முழிச்சு அழுதானே, அவ்வளவு கத்தினேன்."

"எனக்கு அது ஞாபகமே இல்ல. எனக்கு ஐஸ் உருண்டைன்னா உசுரு. வண்டி போயிடுமேன்னு நானே ஆசப்பட்டுத்தான் எறங்கிட்டேன்னு இத்தன வருஷமா நெனச்சிட்டு இருக்கேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. ஒரே ஐஸ் உருண்டையை இரண்டு பேரும் ஆளுக்கொரு வீட்டில் இத்தனை காலம் சுமந்திருக்கிறோம்.

மாமா டெஸ்டரை எடுத்தார். திருகுகளின் மேல் வருஷாவருஷம் ஏறிய வெள்ளையைச் சுரண்டினார். டெஸ்டரின் முனை திருகின் பள்ளத்தில் போய்ச் சரியாக உட்கார்ந்தது. மூடி கழன்றது. உள்ளே ஒரு பொட்டுக் கரி இல்லை. பீங்கான் கட்டைகள் வெள்ளையாக இருந்தன. சிவப்பும் கறுப்பும் அன்றைக்கு வைத்த இடத்திலேயே இருந்தன. பார்க்க எல்லாக் கம்பியும் உள்ளே இருப்பது போலத்தான் தெரிந்தது.

"சாத்து" என்றார். இழுத்தார். வரவில்லை.

"துவா." வரவில்லை. "தீகா. அம்பாட்." ஒவ்வொரு இழுப்புக்கும் செய்தித்தாள் சரசரத்தது. "லீமா."

ஆறாவது, விளக்குக்குப் போன கறுப்புக் கம்பி. அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். இழுக்கவில்லை.

"அப்பா! டீ ஆறுது, வாங்க!" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மாமா திரும்பவில்லை. "இரும்மா, வர்றேன்" என்றார்.

இழுத்தார். இன்னும் பலமாக இன்னொரு முறை இழுத்தார். பெட்டி மேசையில் நகர்ந்து வந்ததே தவிர கம்பி வரவில்லை. அவர் மூச்சு விடும் சத்தம் எனக்குக் கேட்டது. பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

"நீயும் இழு."

நானும் கம்பியை விரலில் ஒரு சுற்றுச் சுற்றி, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து இழுத்தேன். அது அசையவில்லை.

"சொல்லு" என்றார் மாமா.

"அனாம்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். மூடியைப் போட்டு, இரண்டு திருகுகளையும் கடைசிவரை நிதானமாக முடுக்கினார். பிறகுதான் டீ குடிக்க எழுந்தார்.